இரண்டாம் எண் மலை

அந்த வீட்டில் எதிலும் முதல் ஆள் லிஃப்ட்காரர்தான். காலையில் குளியலறைக்கு முதலில் போவது அவர். செய்தித்தாளை முதலில் பிரிப்பது அவர். சாப்பாட்டு மேசையில் முதல் தட்டு அவருக்கு. யாரும் சட்டம் போட்டு எழுதி வைத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படியே நடந்து வந்தது, அவ்வளவுதான். அதனால் வீட்டுக்கு வந்த உடற்பயிற்சி சைக்கிளில் ஒன்று, இரண்டு என்று இரண்டு எண்கள் இருந்தபோது, ஒன்று யாருடையது என்று அவர் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

ஆயுசு முழுக்க மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அடுக்குமாடியில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர்தான். மிக்சி ஓடவில்லை, மோட்டார் இழுக்கவில்லை என்று யாராவது வந்தால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது. எந்த மெஷினோடும் வரும் விளக்கப் புத்தகத்தை உறையைக்கூடப் பிரிக்காமல் பரணில் போட்டுவிடுவார். "புஸ்தகத்தைப் பாத்து ஓட்டுறவன் மெக்கானிக்கே இல்ல" என்பது அவர் கொள்கை. எழுத்து சரியாகத் தெரியாமல் போய் வருஷக்கணக்காகிவிட்டது என்பதும், கண்ணாடி போட்டால் வயசானவன் போல இருக்கும் என்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார் என்பதும் கொள்கையில் சேராத விஷயங்கள்.

அவர் மனைவி சீருடை தைக்கும் கம்பெனியில் இஸ்திரி மேசையில் வேலை பார்த்தவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்து, கடைசியில் மூட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவை வரும்போது இந்தக் கால் நல்லா மடங்கணும்மா. மடங்கலைன்னா, மறுபடி மயக்க மருந்து குடுத்து நாங்களே பிடிச்சு மடக்க வேண்டி வரும்."

'பிடிச்சு மடக்க' என்ற வார்த்தை அவளை விடவே இல்லை. ஆபரேஷனுக்கே பயப்படாதவள் அதற்குப் பயந்தாள். தூங்கும்போதுகூட முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். வேறு ஊரில் இருந்த மகள் விஷயத்தைக் கேட்டு, மறு வாரமே அந்தச் சைக்கிளை அனுப்பி வைத்தாள்.

சைக்கிளைச் சரிசெய்து கொடுக்க மருத்துவமனையிலிருந்து பிசியோ பெண் வந்தாள். சீட்டின் உயரத்தைப் பார்த்தாள், லிஃப்ட்காரரின் மனைவியை உட்கார வைத்துக் காலை அளந்தாள், பிறகு சின்னத் திரையில் எதையெதையோ தட்டினாள். லிஃப்ட்காரர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார்.

"இதுல ரோடெல்லாம் உள்ளயே இருக்கு அங்கிள். சமதரை, மேடு, மலை எல்லாம். எந்த ரோட்டைப் போடறமோ, அதுக்குத் தகுந்த மாதிரி பெடலை மெஷினே இறுக்கிக்கும், தளர்த்திக்கும். அம்மாவுக்கு நான் சமதரை போடறேன். இருக்கறதுலயே லேசானது. கால் மடங்கிப் பழகினா போதும்."

"அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுடும்மா. சும்மா சின்னப் பசங்க ஓட்டுற மாதிரி வேண்டாம்."

"மலை போடட்டுமா? கஷ்டமா இருக்கும் அங்கிள்."

"போடு போடு. பெரிய மலையாவே போடு. நான் ஏறாத மாடியா?"

அவள் சிரித்துக்கொண்டே அவர் வயது, எடை எல்லாம் கேட்டுப் பதிந்தாள். கடைசியில் தெளிவாகத்தான் சொன்னாள். "ஒண்ணு அம்மாவோடது. ரெண்டு உங்களோடது. எண்ணை அழுத்திட்டு பச்சை பட்டனைத் தட்டினா போதும். மாத்திடாதீங்க." அவள் அதைச் சொன்ன நேரத்தில் லிஃப்ட்காரர் வேறொரு கதையில் இருந்தார். ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்ட லிஃப்டில் ஒரு மந்திரி இருந்ததையும், தான் போய் ஒற்றைக் கையால் அவரை மீட்டதையும் அவர் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருக்கும்போது அவர் காது மூடிக்கொள்ளும். தலைதான் 'சரி சரி' என்று ஆடியது.

மறுநாள் காலையில் மனைவியைச் சீட்டில் ஏற்றி உட்கார வைத்து, அவர் இரண்டை அழுத்தினார்.

"என்னங்க, அந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணுன்னு சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"நான் பக்கத்துலயே நின்னேன். எனக்குத் தெரியாதா? நீ முதல்ல மிதி."

அவள் மிதித்தாள். தன் காதில் விழுந்ததும் அவர் வாயில் வந்ததும் வேறு வேறாக இருந்தால், தன் காதைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பல வருஷப் பழக்கம்.

அவர் இன்னொன்றும் செய்தார். சைக்கிளின் திரை மேல் ஒரு சின்னத் துண்டைப் போட்டு மூடினார். லிஃப்டில் போகிறவர்கள் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் லிஃப்ட் மெதுவாகப் போவது போலத் தோன்றும், வேறு எங்காவது பார்த்தால் சீக்கிரம் வந்துவிடும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. அதை அப்படியே இங்கே கொண்டு வந்துவிட்டார். "திரையைப் பாத்தா மலைப்பா இருக்கும். சுவரைப் பாத்து ஓட்டு" என்றார். அவளும் சுவரைப் பார்த்து மலை ஏறினாள்.

முதல் கொஞ்ச தூரம் எப்படியோ போனது. பிறகு பெடல் இறுகியது. அவள் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, உடம்பு முழுவதையும் இடது காலில் போட்டு அழுத்தினாள். வலது கால் கூடவே இழுபட்டுச் சுற்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னும் இறுகியது.

"முடியலைங்க. யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு."

"இதுதான் இருக்கறதுலயே லேசானதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா இல்லையா? இதுவே முடியலைன்னா எப்படி?"

சொன்னாள்தான். அவள் இன்னும் இரண்டு சுற்று மிதித்துப் பார்த்தாள். இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்தாள். முழங்கால் சிவந்து வீங்கியிருந்தது. ஐஸ் பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் இறங்கியதும் லிஃப்ட்காரர் ஏறினார். துண்டை எடுத்துவிட்டு, ஒன்றை அழுத்தி, ஜம்மென்று மிதித்தார். திரையில் அவர் கண்ணுக்குப் புரிந்தது வேகத்தைக் காட்டும் பெரிய எண் மட்டும்தான். அது கிடுகிடுவென்று ஏறியது. முழுசாக முடித்துவிட்டு, வியர்வை என்று ஒரு சொட்டுக்கூட இல்லாமல் இறங்கினார். மலை ஏறியவனுக்கு ஏன் வியர்க்கவில்லை என்ற கேள்வி எந்த மனிதனுக்கும் வரும். இவருக்குப் பெருமைதான் வந்தது.

"உன்னைவிட எனக்கு வயசு எத்தனை கூட? மலையே ஏறிட்டு வந்துட்டேன். நீ சமதரையில மூச்சு வாங்கற."

தினமும் இதே கதை. அவள் முடியாது என்பாள், அவர் முடியும் என்பார். முதலில் எடுத்துச் சொன்னார், பிறகு அதட்டினார், பிறகு கேலி செய்தார். "இஸ்திரி மேசையில நின்னதா சொன்னியே, சாஞ்சுக்கிட்டு நின்னியா?" என்று ஒரு நாள் கேட்டார். அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதாள். அவருக்கு அது கேட்டது. நாடகம் என்று நினைத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பிசியோ பெண் ஒரு தடவை போன் செய்தபோதும் அவர்தான் எடுத்தார்.

"அம்மா ஓட்டுறாங்களா அங்கிள்? வலி இருக்கா?"

"ஓட்டுறா. கொஞ்சம் சோம்பேறித்தனம். நான் பாத்துக்கறேன்."

"வலி ரொம்ப இருந்தா நிறுத்தச் சொல்லுங்க. அம்மாகிட்ட குடுக்கறீங்களா?"

"அவ படுத்திருக்காம்மா. வலியெல்லாம் மனசுலதான். நீ கவலைப்படாதே."

சாயங்காலமானால் பால்கனியில் நின்றுகொண்டு தன் அக்காவிடமும் மகளின் புருஷனான மாப்பிள்ளையிடமும் மணிக்கணக்கில் பேசுவார். தான் ஏறும் மலையைப் பற்றித் தம்பட்டம், மனைவியின் சோம்பேறித்தனத்தைப் பற்றி அங்கலாய்ப்பு; பேச்சு நடப்பது உள்ளே அவளுக்கும் அரைகுறையாகக் கேட்கும். அக்கா லேசில் நம்புகிறவள் இல்லை. "வாய் கிழியப் பேசறியே, ஒரு போட்டோ அனுப்பேன் பாக்கலாம்" என்றாள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அப்படிச் செய்தார்.

அன்று அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டாள். டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "மடக்கித்தான் விடுவாங்க போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். லிஃப்ட்காரர் ஏறி, தன் மலையை முடித்து, இறங்காமலே போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். மலை உச்சி நன்றாகத் தெரிகிறதா என்று இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

உச்சியைக் காணோம். திரையில் வரிசையாக நின்ற கோடுகள் எல்லாம் ஒரே உயரத்தில், கத்தரியால் வெட்டிவிட்டது போல இருந்தன. மேல் மூலையில் வயது என்று இருந்த எண் அவர் வயதில்லை. எடை என்று இருந்ததும் அவர் எடையில்லை. அந்த எடையை மருத்துவமனையில் அவள் கூச்சத்தோடு சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். அந்த நினைப்பு அவருக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டை அழுத்தினார். அவர் வயது வந்தது. அவர் எடை வந்தது. கீழே கோடுகள் ஏறி, இறங்கி, மறுபடி இன்னும் உயரமாக ஏறி, திரையின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றன.

மிதித்தார். முதல் ஏற்றத்திலேயே தொடை எரிந்தது. இரண்டாவது ஏற்றத்தில் பெடல் அசையவில்லை. எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். ஹேண்டில்பாரின் மேல் குப்புறக் கவிழ்ந்தார். எந்த இடத்தில் அவள் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து உதட்டைக் கடிப்பாளோ, அதே இடம். அவருக்கு வெட்டித் தைக்காத கால் இரண்டு இருந்தன. தையல் போட்ட காலோடு அவள் தினமும் இதே மலையில் ஏறியிருக்கிறாள். அவர் பக்கத்தில் நின்று சோம்பேறி என்று சொல்லியிருக்கிறார்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது மடல் சுட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்: அவர் முதலில் நினைத்தது அவள் முழங்காலை அல்ல. இது யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பதைத்தான். அந்தப் படத்தை அழித்தார். துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணும் இல்ல. முடிச்சுட்டேன்."

மறுநாள் காலையில் அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, கமுக்கமாக ஒன்றை அழுத்தினார். அவள் பழக்க தோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பெடல் தானாகவே சுற்றுவது போலச் சுற்றியது. அவள் நிமிர்ந்தாள். இறுகப் போகிறது, இறுகப் போகிறது என்று காத்திருந்தாள். இறுகவே இல்லை. கடைசியில் மெஷின் கீச்சென்று சத்தம் போட்டு முடிந்துவிட்டது என்று சொன்னபோது, அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"முடிச்சுட்டேங்க! முழுசா முடிச்சுட்டேன்!"

அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை அவ்வளவு நேரம் யாரும் மடித்ததில்லை.

"நீங்க திட்டினப்பல்லாம் மனசுக்குள்ள உங்களை அவ்வளவு வைவேன். நீங்க சொன்னதுதான் சரி. எல்லாம் என் சோம்பேறித்தனம்தான். நீங்க விடாம பிடிச்சு உலுக்கினதாலதான் வழிக்கு வந்திருக்கு."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். மந்திரியை மீட்ட கதையை ஆயிரம் தடவை சொன்ன வாய் அது. ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் அதற்குள் மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா இல்லைன்னா நான் இதுல தேறியிருக்கவே மாட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் வீக்கம் வடிந்தது. கால் மடங்க ஆரம்பித்தது. அவள் சமையலறையில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். லிஃப்ட்காரர்தான் இளைத்துப் போனார். தனக்குத் தானே தண்டனை போல, தினமும் இரண்டை அழுத்தி அந்த மலையில் ஏறினார். தினமும் இரண்டாவது ஏற்றத்தில் விழுந்தார். ஒரு நாள் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து அவள் பதறிப் போய் வந்தாள்.

"இறங்குங்க முதல்ல. முடியலைன்னா விட்டுடணும். உடம்பு சொல்றதைக் கேக்க வேண்டாமா?"

முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட அவர் அவளுக்குச் சொல்லாத வார்த்தை அது. அன்றைக்கு மட்டும் மூன்று, நான்கு தடவை, "இந்தாம்மா..." என்று ஆரம்பித்தார். "என்னங்க?" என்பாள். "தண்ணி குடு" என்பார். வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் குடித்தார்.

டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. பெரிய டாக்டர் காலை மடக்கிப் பார்த்து, கருவியை வைத்து அளந்து, "அருமைம்மா. மயக்க மருந்துக்கெல்லாம் அவசியமே இல்ல" என்றார். அவள் டாக்டரைக் கும்பிட்டாள். பிறகு, அத்தனை பேர் எதிரில், திரும்பிப் புருஷனையும் பார்த்துக் கும்பிட்டாள். விளையாட்டுக்குச் செய்தாள். லிஃப்ட்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அங்கிருந்து பிசியோ அறைக்குப் போனார்கள். அங்கே இன்னொரு பெண் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் முழங்கால்தான். வயது குறைவு, முகத்தில் வலி நிறைய. பக்கத்தில் அவள் புருஷன். மருந்துக்கடை வைத்திருப்பவராம். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மனைவியைப் பார்ப்பதுமாக நின்றார்.

"ஆன்ட்டி, உங்க கால் நல்லா வந்திருக்கே! இவங்களுக்குக் கொஞ்சம் தைரியம் சொல்லுங்க. சைக்கிள்னாலே அழறாங்க" என்றாள் பிசியோ பெண்.

லிஃப்ட்காரரின் மனைவி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் உன்னை மாதிரிதான்மா அழுதேன். வலி வலின்னு புலம்புவேன். கடைசியில பாத்தா எல்லாம் சோம்பேறித்தனம். எங்க வீட்டுக்காரர் விட்டாரா? திட்டித் திட்டியே ஓட்ட வச்சுட்டார். நமக்கெல்லாம் நாலு திட்டு விழுந்தாத்தான் கால் வளையும் போல. வலிக்குதுன்னு நிறுத்தாதே. இவர் திட்டினாலும் வாங்கிக்கோ."

மருந்துக்கடைக்காரர் முகம் மலர்ந்தது. "கேட்டியா? இதைத்தானே நான் தினம் சொல்றேன்? இன்னையிலேருந்து ஒரு சாக்குபோக்கும் கிடையாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரரைப் பார்த்துத் தோழமையாகச் சிரித்தார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு தன் முழங்காலையே பார்த்தாள்.

அந்தப் பார்வையை லிஃப்ட்காரருக்குத் தெரியும். பல நாள் தன் வீட்டில் பார்த்திருக்கிறார். பார்த்தும் டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறார்.

"இல்லம்மா" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். குரல் அவருடையது போலவே இல்லை.

"இல்லம்மா. அவ பேச்சைக் கேக்காதே. அவளுக்குத் தெரியாது. அவ சோம்பேறி இல்ல. நான்தான்... எண்ணை மாத்திட்டேன். அவளோடது ஒண்ணு. நான் ரெண்டை அழுத்திட்டேன். தினம் அவளை என் மலையில ஏத்தினேன். அவளோட சமதரையில நான் ஓட்டிட்டு, பெருமை பேசினேன்."

பிசியோ பெண் வாயில் கை வைத்தாள். "அங்கிள்! அந்த மலையா? தையல் காலோடயா?" பிறகு அவர் மனைவியிடம் திரும்பி, "ஆன்ட்டி, அதை ஆரோக்கியமானவங்களே முடிக்க மாட்டாங்க. நீங்க எப்படி... வலிச்சிருக்குமே" என்றாள்.

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. லிஃப்ட்காரர் அவரைப் பார்த்து, "வலிக்குதுன்னா வலிக்குதுதான் சார். நம்புங்க" என்றார்.

அவர் மனைவி, தான் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் கையை மெல்ல விட்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "போலாம்" என்றாள்.

வாடகைக் காரில் ஏறியதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு உண்மையில் கொஞ்சம் பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது. நாலு பேர் எதிரில் சொல்லியாகிவிட்டது, இனி அவள் கோபித்துக்கொள்வாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. மன்னிப்புக் கேட்கத் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கே சொன்னேன். ஒண்ணுன்னு சொன்னாளேன்னு" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடி.

"சொன்னே. நான்தான் காதுல வாங்கலை."

"அது இருக்கட்டும். உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"போன... போன ஞாயித்துக்கிழமைக்கு முந்தின ஞாயிறு."

அவள் விரல் மடக்கவில்லை, கணக்குப் போடவில்லை. ஆனால் அவள் எந்த நாள் காலையை நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. முடித்துவிட்டேன் என்று கண்ணீரோடு கத்திய காலை. மகளுக்குப் போன் போட்ட காலை.

"அப்போ நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பட்டனை மாத்தி அழுத்தினது தப்பு. யாருக்கும் வரும். மெஷினுக்கு நான் யாருன்னு தெரியாது. உங்களுக்குமா தெரியாது?" குரலை உயர்த்தவே இல்லை. டிரைவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "நான் சோம்பேறின்னு என்னையே நம்ப வச்சுட்டு, நீங்க பாட்டுக்கு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் கைகளைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போனது.

வீட்டுக்குள் வந்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"உட்காருங்க. போனை எடுங்க."

"யாருக்கு?"

"பால்கனியில நின்னு யார் யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ அவங்களுக்கு. முதல்ல உங்க அக்காவுக்கு."

"இப்பவேவா? சாயங்காலம் நிதானமா..."

"இப்பவே. சத்தமா கேக்கற மாதிரி போடுங்க. நானும் கேக்கறேன்."

அவர் எண்ணைத் தொட்டு, போனை மேசை நடுவில் வைத்தார். மணி அடித்தது. எடுக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். அக்கா உடனே எடுத்தாள்.

"என்னடா தம்பி, மலையெல்லாம் ஏறி முடிச்சாச்சா? போட்டோ கேட்டா ஆளையே காணோம்! சரி, உன் வீட்டு மகாராணி என்ன பண்றா? இன்னைக்காவது சீட்டுல உட்கார்ந்தாளா, இல்ல வழக்கம்போல பல்லக்கு கேக்கறாளா?" சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். தானாகக் கண்டுபிடித்த வார்த்தைக்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. பல நாள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துப் பழகிய சிரிப்பு அது.

அவள் முகத்தில் எதுவோ அணைந்தது. மகாராணி என்ற பேர் அவளுக்கு இப்போதுதான் தெரியும். சீட்டின் ஓரத்தில் நகர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த நாட்களில் பால்கனியில் தனக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள் என்று அவள் தெரிந்துகொண்டாள்.

"அக்கா" என்றார் அவர். "அவ இங்கதான் இருக்கா. கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

அந்தப் பக்கம் சிரிப்பு பட்டென்று நின்றது. பிறகு, குரலை மாற்றிக்கொண்டு, "அடடே, எப்படிம்மா இருக்கே? கால் தேவலையா?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்கேன் அண்ணி. உங்க தம்பி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

அவர் சொன்னார். பிசியோ அறையில் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. அங்கே கேட்டவர்கள் முன்பின் தெரியாதவர்கள். இங்கே ஒவ்வொரு பொய்யையும் அதைச் சொன்ன இடத்திலேயே திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. மலை என்னுடையது, ஏறியவள் அவள், சமதரையில் போனவன் நான் என்றார். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நிறுத்தி அவளைப் பார்த்தார். போதும் என்று அவள் ஒரு கை காட்டினால் போதும். அவள் காட்டவில்லை. அவர் முழுவதையும் சொல்லி முடித்தார். அக்கா, "சரிடா, சரி, நான் அப்புறம் பேசறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் போனைத் தன் பக்கம் இழுத்து, பெயர்களை மேலே தள்ளிக்கொண்டே போனாள்.

"அடுத்தது மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளைக்கு வேண்டாமே" என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? இது ஒண்ணு மட்டும் விட்டுடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர்கிட்டயும் மகாராணின்னுதான் சொன்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மாப்பிள்ளையின் பெயரைத் தொட்டு, மணி அடிக்கத் தொடங்கிய போனை அவர் கையில் வைத்தாள்.